கதவு திறக்க முந்தி ஒரு பாட்டு

பதினொண்டாம்! பதினொரு சீட்டாம் தம்பி! இஞ்சை, இந்தச் செய்தியை நீங்களே வாசிச்சுப் பாருங்கோ. கண்ணாடி போடாமல் பிழையா வாசிச்சிட்டனோ எண்டு நான் மூண்டுதரம் பாத்திட்டன். "சனிக்கிழமை விடிய ஹொலண்ட் பஸ், பதினொரு சீட்." அவ்வளவுதான். வணக்கம் இல்லை, சுகமோ எண்டு ஒரு சொல் இல்லை. நாடகத்திலை நடிக்கிறது எத்தினை பேர்? பன்னிரண்டு பேர். தலையை எண்ணத் தெரியாதவையே அவை? அப்ப பன்னிரண்டிலை குறையுற அந்தத் தலை ஆற்றை தலை? சொல்லுங்கோ பாப்பம்... ஆ! பாத்தியளே, இண்டைக்குத்தான் என்ர முகத்தைப் பாக்கிற உங்களுக்கே விளங்குது!

ஓம் ஓம், ரொறொன்ரோ. பதினாலாம் திகதி. மறக்கேல்லை. உங்கட பாஸ்போட் என்ர கையிலைதானே இருக்கு, எங்கை ஓடப் போகுது? இந்தக் கொம்பியூட்டர் சுத்திக்கொண்டு நிக்குது, அது சுத்தி முடியட்டும். இருங்கோ, கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. இந்த ரூ லூயி-பிளாங் தெருவிலை எத்தினை ட்ராவல்ஸ் கிடக்கு, நீங்கள் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தியள். இந்த லாச்சப்பல் தமிழ்க் கடையளிலை ஏரம்பமூர்த்தி எண்டு கேட்டுப் பாருங்கோ, ஆரும் காட்டுவினம். டிக்கெட் போடுற ஏரம்பமூர்த்தியோ, நாடகக்கார ஏரம்பமூர்த்தியோ எண்டு திருப்பிக் கேப்பினம். ரெண்டும் நான்தான்.

செய்தி அனுப்பினது தவநாயகி அக்கா. எங்கட நாடகக் குழுவுக்கு அவதான் எல்லாம். கதையைத் தமிழிலை எழுதினது, எங்களைப் பழக்கினது, ஆற்றை சட்டையிலை பொத்தான் இல்லை எண்டு பாக்கிறது, எல்லாம். கிழமை நாளிலை ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனிலை வேலை. அங்கை நூறு பிள்ளையளை ஒரு பார்வையாலை இருத்துறவ எங்களை விடுவாவே? எனக்கு வயது ஐம்பத்தேழு தம்பி, அவவுக்கு முன்னாலை நிண்டால் கை தன்பாட்டிலை கட்டுப்படும். ஆனா ஒண்டு, "தம்பி ஏரம்பமூர்த்தி, நீர் வர வேண்டாம்" எண்டு நேர எழுதியிருக்கலாம். அதுக்கு விரல் வரேல்லை. என்னைக் கொண்டே என்னை விட்டிட்டு டிக்கெட் போடுவிக்கிறா! கொதிக்குமோ கொதிக்காதோ?

என்ன நாடகமோ? அதுதானே முசுப்பாத்தி! கேளுங்கோ. எழுதினவன் ஜேர்மன்காரன். இருநூறு வருசத்துக்கு மேலை. கொஞ்சம் கதை, கொஞ்சம் பாட்டு, திரும்பக் கொஞ்சம் கதை... எங்கட இசைநாடகம் மாதிரித்தான், ஆர்மோனியம் மட்டும் இல்லை. அதை ஒல்லாந்தர், ஹொலண்ட்காரர்தான், தங்கட பாசைக்கு மாத்திக் கப்பலிலை ஏத்திக்கொண்டு போச்சினம். ஆபிரிக்காவின்ர அடி முனையிலை ஒரு பட்டினம் கிடக்கல்லோ, ஒல்லாந்தர் பிடிச்சு வைச்சிருந்தது, அங்கை. கந்தோர்க் கிளாக்கர், வைன் விக்கிறவன், பட்டாளத்துச் சின்ன அதிகாரி, இவையெல்லாம் சேந்து ஒரு சங்கம். பகலிலை அவனவன்ர வேலை, பின்னேரம் கூடி நாடகம். ஒருத்தனும் தொழில் நடிகன் இல்லை. மீசையை வழிச்சுப்போட்டுப் பொம்பிளை வேசமும் கட்டினவையாம்! கேக்கக் கேக்க எனக்கு, ஐயோ இது நாங்கள்தானே எண்டு கிடந்தது. கடைக்காரன், குசினிக்காரன், ஒபீசிலை வேலை செய்யிறவன்... ஞாயிற்றுக்கிழமை வந்தால் ராசா, மந்திரி.

எங்களுக்கு எப்பிடித் தெரிய வந்ததோ? ஜெனவியேவ் எண்டு ஒரு வெள்ளைக்கார மனிசி. வாத்தியாரா இருந்து ஓய்வெடுத்தவ. அந்தப் பழைய சங்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுறா. உதிலை, முன் கடையிலை தோசை சாப்பிட வருவா, அங்கைதான் தவநாயகி அக்காவோடை சிநேகிதம். ஒருநாள் கேட்டா, உதை நீங்கள் தமிழிலை போட்டால் என்ன எண்டு. ஒல்லாந்துப் பாசையிலை கிடந்ததை அவ பிரெஞ்சிலை சொல்ல, அக்கா தமிழிலை எழுத... நாலு கை மாறின சாமான் தம்பி! அந்த ஜேர்மன்காரன் எழும்பி வந்தால் தன்ர பிள்ளையைத் தானே அடையாளம் காணமாட்டான்.

இப்ப ஹொலண்டிலை இந்தப் பழைய நாடகச் சங்கங்களைப் பற்றி ஒருநாள் கூட்டம். அங்கை வந்து நடிச்சுக் காட்டுங்கோ எண்டு ஜெனவியேவ்தான் ஒழுங்கு பண்ணினது. யோசிச்சுப் பாருங்கோ! ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலை கோட்டை கட்டிப்போட்டு எங்களை வெளியிலை நிப்பாட்டினவை. நாங்கள் அவையின்ர நாடகத்தை அவையின்ர ஊருக்கே தமிழிலை கொண்டுபோறம். லேசுப்பட்ட விசயமே? இருபத்தாறு வருசமா நான் சனத்தை பஸ்ஸிலையும் பிளேனிலையும் ஏத்தி அனுப்பிப்போட்டு இந்தக் கதிரையிலை குந்தியிருக்கிறன். மேடையிலை ஏறுறதுக்கெண்டு நானே பஸ் ஏறப்போற ஒரே ஒரு சனிக்கிழமை வந்தது. அதையும் பதினொண்டு எண்டு போட்டினம்.

கதையோ? சின்னக் கதை. ஒரு பணக்காரத் தேப்பன், ஒரே மகள். மகள் ஒரு தபால்காரனை விரும்புறா. தேப்பன் அவவை அறையிலை விட்டுப் பூட்டிப்போட்டுத் திறப்பை, அதுதான் சாவியை, கிணத்துக்குள்ளை எறிஞ்சு போடுறார். அங்கை இங்கை இழுபட்டுக் கடைசியிலை பூட்டுக்காரர் வாறார். புதுத் திறப்பு ஒண்டு அராவுறார், அராவிக்கொண்டே ஒரு பாட்டு. பாட்டு முடிய, கதவைத் திறக்கிறார். பெட்டை வெளியிலை வருது, தபால்காரனுக்குக் கலியாணம், எல்லாரும் சேந்து பாடினால் நாடகம் முடிஞ்சுது. அந்தப் பூட்டுக்காரர் ஆர்? நான்! நாடகம் முழுக்க எனக்கு ஒரே ஒரு பாட்டு. ஆனா கதவு என்ர கையிலை.

"அடைத்தவன் மறந்தாலும் அரம் மறக்காது, திறப்பின் பல்லைத் தேடி எடுக்கும்..." எப்பிடி இருக்கு? அஞ்சு மாசம் பழகினன். எங்கட வீட்டடி கார்ஜ் லே கொனெசிலை ரயில் ஏறினால் இஞ்சை கார் து நோர் ஸ்டேசன் வந்து இறங்கும் வரைக்கும் வாய்க்குள்ளை இதுதான். ஒருநாள் முன்னாலை இருந்த ஆபிரிக்க மனிசி நான் செபம் சொல்லுறன் எண்டு நினைச்சு, முடிய "ஆமென்" எண்டா. நானும் "ஆமென்" எண்டிட்டன், என்ன செய்யிறது?

பொறுங்கோ, கேக்கிறியள் விளங்குது. இவ்வளவு பழகினவனை ஏன் விட்டவை? அதைத்தானே நானும் கேக்கிறன்! மூண்டு கிழமைக்கு முந்தி, ஞாயிற்றுக்கிழமை, திரான்சியிலை ஒரு மண்டபத்திலை போட்டம். ஹொலண்டுக்குப் போக முந்தி எங்கட சனத்துக்கு ஒருக்காக் காட்டுவம் எண்டு. மண்டபம் ஆறு மணி வரைக்கும்தான். நோட்டீசிலை ரெண்டு மணி எண்டு போட்டது, சனம் வந்து சேர மூண்டரை. அதை விடுங்கோ, ரெண்டு எண்டு போட்டால்தானே மூண்டரைக்காவது வருங்கள். பிறகு விளக்கேத்தினது. பிறகு தலைமையுரை. பிறகு வாழ்த்துரை ஒருத்தர், அவரை வாழ்த்தி இன்னொருத்தர். ஜெனவியேவுக்குப் பொன்னாடை. பாவம் மனிசி, மண்டபம் குளிருதெண்டு தந்தவையாக்கும் எண்டு நினைச்சு நாடகம் முடியும் மட்டும் போத்துக்கொண்டு இருந்தது. அப்ப நேரத்தைத் திண்டது ஆர்? நானே? ஒரு பாட்டுக்காரன் நேரத்தைத் தின்னுவானே?

எல்லாத்துக்கும் மேலை அந்த செசில்! மண்டபத்தைப் பாக்கிற மனிசி. இடுப்பிலை ஒரு திறப்புக் கோர்வை, கையிலை மணிக்கூடு, ரெண்டையும் மாறி மாறித் தடவிக்கொண்டு பின்னுக்கு நிப்பா. ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்குது தம்பி. முழுசாப் பத்து நிமிசம்! கதவையும் திறந்து கலியாணத்தையும் முடிச்சிருக்கலாம். நான் மேடை நடுவிலை, கையிலை அரம், வாயை எடுக்கிறன்... படார்! லைற்றை நிப்பாட்டிப்போட்டா. கோதாரி விழ! சனம் இதுதான் நாடகத்தின்ர முடிவாக்கும் எண்டு நினைச்சுக் கையைத் தட்டிப்போட்டுக் கோட்டுத் தேட வெளிக்கிட்டுது. திரும்ப லைற் வரேக்கை அரைவாசி மண்டபம் காலி. கதவு பூட்டினபடி. உள்ளுக்கை இருந்த பெட்டை, சுபாங்கி, மேடைச் செட்டுக்குப் பின்னாலை சுத்திக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டு ஒரு பார்வை பாத்தாள் பாருங்கோ. "அங்கிள், நான் உள்ளுக்கை முப்பத்தஞ்சு நிமிசம் நிண்டனான்" எண்டாள்.

...ஓம். முப்பத்தஞ்சு நிமிசம்.

இல்லை, பாட்டு நாலு நிமிசம்தான். நாலரை எண்டு வையுங்கோவன். என்ன அப்பிடிப் பாக்கிறியள்? சனம் திருப்பிக் கேட்டுது! வன்ஸ்மோர் எண்டு கேட்டால் பாடாமல் விடலாமே? எங்கட நாடகத்திலை அது வழமை. சனம் கேட்டால் செத்துக் கிடக்கிற ராசாவும் எழும்பிப் பாடிப்போட்டுத் திரும்பப் படுக்க வேணும். பாடாமல் விட்டால் தலைக்கனம் பிடிச்சவன் எண்டுவினம். ஒல்லாந்தரும் கேட்டவை, தெரியுமோ? அந்த ஆபிரிக்கப் பட்டினத்துப் பழைய பேப்பர் ஒண்டிலை கிடக்காம், பூட்டுக்காரன்ர பாட்டைச் சபை திரும்பக் கேட்டதெண்டு. ஜெனவியேவ் சொன்னவ. எத்தினை தரம் கேட்டவையோ? ...ஒருதரம்தானாம். அவை எதிலையும் சிக்கனம்.

நான் ஒரு மூண்டு தரம் பாடியிருப்பன். நாலு... சரி, உங்களுக்கு ஏன் ஒளிப்பான், கணக்குப் பாக்கத் தெரிஞ்ச முகம். ஏழு. ஏழு தரம் பாடினனான். எட்டாந்தரத்துக்கு வாய் எடுக்கேக்கைதான் லைற் போனது. நாலாந்தரம் பாடேக்கை தவநாயகி அக்கா மேடை ஓரத்திலை நிண்டு கதவைக் காட்டுறா, கதவைக் காட்டுறா. நான் அதைக் காணாத மாதிரி மற்றப் பக்கம் திரும்பி அராவுறன். உள்ளுக்கை இருந்து சுபாங்கி கதவிலை தட்டுறாள். சனம் அதைத் தாளம் எண்டு நினைச்சுச் சேந்து தட்டுது. என்னத்தைச் சொல்ல! தேப்பன் வேசம் போட்டவர் போய்க் கோப்பி குடிச்சிட்டு வந்திட்டார்.

ஆர் கேட்டதோ வன்ஸ்மோர்? சனம்தான்... முன் ரெண்டு வரிசைச் சனம். ஓம், எல்லாரும் ஆம்பிளையள்தான். ஓம், கார்ஜிலை இருந்து வந்தவைதான். அட, நீங்கள் என்ன பொலிசே?

சரி. இரத்தினம் எண்டு எங்கட பில்டிங்கிலை ஒருத்தர். முந்தி ஊரிலை, கடற்கரையிலை மீன் ஏலம் கூறினவர், அந்தக் குரல் இன்னும் அப்பிடியே இருக்கு. அவரும் அவற்றை கூட்டாளியள் ஏழு பேரும். நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். றோல்ஸும் வடையும் வாங்கிக் குடுத்து, முன்னுக்கு இருத்தி, சொல்லி வைச்சனான். "அண்ணை, பாட்டு முடிய முடிய வன்ஸ்மோர் கேளுங்கோ. நான் தொப்பியைக் கழட்டினால் நிப்பாட்டுங்கோ." நான் தொப்பியைக் கழட்டேல்லை. பாவம் இரத்தினத்தார், சொன்ன சொல்லு தவறாத மனிசன். ஆறாந்தரம் கேக்கேக்கை குரல் கட்டிப்போச்சு, அவற்றை கண் எல்லாம் என்ர தொப்பியிலைதான். நான் கழட்டேல்லையே!

பெருமைப் புளுகத்துக்கோ? புகழுக்கோ? இல்லைத் தம்பி. நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியள். தவநாயகி அக்காவும் அப்பிடித்தான் நினைக்கிறா. அதுதான் பதினொண்டு.

முன் வரிசையிலை ஒரு கதிரை வெறுமையா வைச்சனான். என்ர கோட்டைப் போட்டு வைச்சனான், ஒருத்தரும் இருக்கப்படாதெண்டு. என்ர மகளுக்கு. கஜந்தினி. இருபத்தாறு வயது, லா தெஃபான்ஸிலை ஒபீஸ் வேலை. பத்து வயதிலை ஒருக்கா என்ர நாடகத்துக்கு வந்தவள். அண்டைக்கு நான் குரங்கு வேசம். அவளின்ர பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் ரெண்டு பேர் வந்திருந்ததுகள், என்னத்தைச் சொல்லிச் சிரிச்சுதுகளோ, அதுக்குப் பிறகு அவள் ஒரு நாடகத்துக்கும் வரேல்லை. நானும் கேக்கேல்லை. இந்தமுறை கேட்டன். பதினாறு வருசத்துக்குப் பிறகு கேட்டன். "பாப்பம் அப்பா" எண்டாள். பாப்பம் எண்டால் என்ன தம்பி? வாறனோ, வரேல்லையோ? உங்களுக்கும் பிள்ளையள் இருந்தால் தெரியும்.

முதல்தரம் பாடி முடிச்சிட்டுப் பாக்கிறன், கதிரையிலை கோட்டுத்தான் இருக்குது. ரயில் பிந்தியிருக்கும் எண்டு நினைச்சன். ஞாயிற்றுக்கிழமையிலை தெரியும்தானே, எப்ப வரும் எப்ப நிக்கும் எண்டு ஒண்டும் சொல்லேலாது. இன்னொருக்காப் பாடினால் வந்திடுவாள். ரெண்டாந்தரமும் முடிஞ்சுது. கோட்டு. இப்ப கதவைத் திறந்தால் நாடகம் முடிஞ்சிடும், அவள் வந்து என்னத்தைப் பாக்கிறது? எனக்கு வேறை பாட்டும் இல்லையே! அப்ப திரும்ப. அப்ப இன்னொருக்கா. சுபாங்கி தட்டினது கேட்டதுதான். என்ர பிள்ளை வந்திட்டுப் போகட்டும், பிறகு உன்னைத் திறந்து விடுறன் எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டு அராவினன்.

வந்தவளோ? அதைத்தான் சொல்ல வாறன்.

லைற்றை நிப்பாட்டச் சொன்னது ஆர் எண்டு நினைக்கிறியள்? அவள்தான். என்ர மகள்! மூண்டரைக்கே வந்து நிண்டவளாம். என்ர கூட்டாளியள் முன் ரெண்டு வரிசையையும் பிடிச்சுக்கொண்டிருக்க, அதுக்கு நடுவிலை வந்து குந்துவாளே அவள்? பின்னுக்கு, செசிலுக்குப் பக்கத்திலை நிண்டு முழு நாடகமும் பாத்தவள். மேடை வெளிச்சம் கண்ணிலை அடிக்க எனக்கு அந்தப் பக்கம் ஒண்டும் தெரியேல்லை. நான் அந்தக் கதிரையைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனான்.

அண்டைக்கு ரயிலிலை வரேக்கை சொன்னாள். பிரெஞ்சிலைதான் சொன்னாள், அழுற கதையெல்லாம் அவளுக்குப் பிரெஞ்சிலைதான் வரும். "முதல்தரம் பாடேக்கை நான் அழுதிட்டன் அப்பா. மூண்டாந்தரம் சிரிச்சன். ஏழாந்தரம் முடிய, செசிலிட்டை லைற்றை நிப்பாட்டச் சொன்னன்." அவ்வளவுதான். முதல்தரமே கேட்டிருக்கிறாள் தம்பி. எனக்கு வேண்டியிருந்தது முதல் நாலு நிமிசத்திலேயே கிடைச்சிட்டுது. மிச்சம் அரைமணித்தியாலம் நான் ஒரு கோட்டுக்குப் பாடினனான்.

இதை நான் தவநாயகி அக்காவுக்குச் சொல்லேல்லை. வெக்கமாக் கிடந்தது. செசில் நிப்பாட்டினவ, சனம் கேட்டது, பேச்சாளர் நேரத்தைத் திண்டவை எண்டு மூண்டு கிழமையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன். வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுறன். இண்டைக்கு உங்களுக்கு... என்ன? போன் எடுத்துச் சொல்லுறதோ? அக்காவுக்கோ? இப்பவோ? நீங்கள் ஏன் தம்பி பாஸ்போட்டை மெல்ல இழுக்கிறியள், நான் வைச்சுக்கொண்டே கதைக்கிறன், விடுங்கோ... சரி, சரி, பிடியுங்கோ. ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம்.

அலோ... அக்கா? நான்தான், ஏரம்பமூர்த்தி. ஓம் அக்கா, செய்தி வந்தது. பதினொண்டு. போட்டுத் தாறன். அதுக்கு முந்தி ஒண்டு சொல்ல வேணும், பேசிப்போடாதையுங்கோ. முன் வரிசை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். ...தெரியுமோ? எல்லாருக்குமோ? இரத்தினத்தார் றோல்ஸ் நல்லா இருந்ததெண்டு சொன்னவரோ? அட கடவுளே. இல்லை அக்கா, புளுகத்துக்கு இல்லை. கஜந்தினி வருவாள் எண்டு... ஓம். ஓம் அக்கா. பின்னுக்கு நிண்டவள். ...முதல்தரமே.

அக்கா? அலோ? சிரிக்கிறியளோ, அழுறியளோ? ஒண்டைச் செய்யுங்கோ.

ஒரு நிமிசம் அக்கா... தம்பி! தம்பி, எங்கை போறியள்? கொம்பியூட்டர் சுத்தி முடிஞ்சுதெல்லோ! பதினாலாம் திகதி இருக்கு, ரொறொன்ரோ... அட, பக்கத்து ட்ராவல்சுக்குள்ளை போறார் பாருங்கோவன். அரைமணித்தியாலம் இருந்து கேட்டுப்போட்டு! இல்லை அக்கா, ஒரு கஸ்டமர். நல்ல பெடியன். போகட்டும்.

ஓம், கேக்குது, சொல்லுங்கோ. ...பன்னிரண்டோ? மெய்யாவோ? ஒருக்காத்தான் அக்கா, சத்தியமா ஒருக்காத்தான். ஆரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டன். ...இல்லை, ஒண்டு கேக்கட்டே, ஒல்லாந்தர் தாங்களாக் கேட்டால்? ...தாங்களாக் கேட்டாலும் இல்லையோ. சரி சரி, கத்தாதையுங்கோ. நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. சுபாங்கிக்கும் சொல்லிப்போடுங்கோ. முதல் கதவைத் திறக்கிறன். அந்தப் பிள்ளை வெளியிலை வரட்டும். பிறகு பாடுறன்.